அன்டிகனியை இன்றைய தோட்டத்து லயத்தில் படமாக்க முடியுமா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து சோபாக்ளிஸின் பழைய கிரேக்க நாடகமான அன்டிகனியை இன்றைய தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடப்பதாக 20 நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறோம். மூலத்தில் சகோதரர் இருவர் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள், அதில் ஒருவனைப் புதைக்கக் கூடாது என்று ராஜா கிரெயோன் தடை போடுகிறான், சகோதரி அன்டிகனி மீறி மண் போடுகிறாள், அவளை உயிரோடு குகையில் அடைக்கிறான். அந்தக் கிரெயோனைத் தோட்டத்துத் துரையாக (நிர்வாகியாக) மாற்றியிருக்கிறோம். வசனத்தைச் செய்யுளாக வைப்பதா? கோரஸை, அதாவது கதையைப் பார்த்துப் பேசும் ஊர்க் கூட்டத்தை, என்ன செய்வது?

பதில்: எடுங்கள், ஆனால் துரையை முதலில் வெளியே அனுப்புங்கள். தோட்டத்துக் கதை என்றால் வில்லன் துரைதான் என்று எழுதி எழுதியே நம் குறும்படங்கள் ஒரே அச்சில் வந்துகொண்டிருக்கின்றன. துரை தடுத்தால் பார்ப்பவருக்கு யார் பக்கம் நிற்பது என்பதில் ஒரு நொடி கூடத் தடுமாற்றம் வராது. மூல நாடகத்தில் அந்தத் தடுமாற்றம்தான் கடைசி வரை பிடித்து வைக்கிறது.

கிரெயோன் யார் என்று பாருங்கள். அன்டிகனியின் தாயோடு கூடப்பிறந்தவன், தாய்மாமன். அவன் மகன் ஹேமோனுக்குத்தான் அவளை நிச்சயித்திருக்கிறது. வேறு நாட்டில் எடுப்பவர்கள் இந்த உறவை விளக்கவே ஒரு காட்சி வைக்க வேண்டும். நமக்கு "மாமா" என்று அவள் ஒரு தடவை கூப்பிட்டால் போதும். ஆகவே தோட்டத் தலைவரே (தொழிற்சங்கத் தலைவர்) தாய்மாமனாக இருக்கட்டும். காது குத்தும்போது மடியில் வைத்தவர், சடங்குக்குச் சீர் கொண்டுவந்தவர், சாவு வீட்டுக்குக் கோடி எடுத்துவர வேண்டியவர். அவர் வாயாலேயே தடை வர வேண்டும்: இந்தப் பிணத்துக்குத் தப்பு மேளம் அடிக்கக் கூடாது, மரண உதவிச் சங்கத்துக் கூடாரமும் கதிரையும் போகக் கூடாது, யாரும் தோள் கொடுக்கக் கூடாது.

காரணம் வலுவாக இருக்க வேண்டும். மூத்தவன் வேலைநிறுத்தத்தில் நின்றவன், இளையவன் அதை உடைக்க வெளியாட்களைக் கூட்டி வந்தவன், ஒரே இரவில் இருவரும் ஒருவர் கையால் ஒருவர் சாகிறார்கள் என்று வைத்தால் மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கும். பட்டினி கிடந்த லயத்துச் சனத்துக்கு முன்னால் அவர் தன் தங்கையின் இளைய மகனுக்காக வளைய முடியாது. அவருடைய வாதத்தை அரைகுறையாக எழுதினால் படம் அங்கேயே படுத்துவிடும்.

"பிணத்தைப் புதைக்கத் தடையா, இந்தக் காலத்திலா?" என்று கேட்க யாராவது வருவார்கள். 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை இந்த நாட்டில் கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்க விடவில்லை, எரித்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருந்தது. அனுமதி கிடைத்த பிறகும் உடல்கள் ஓட்டமாவடிக்குத்தான் போயின. நம்புவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூலத்தைக் கெடுக்கிறோம் என்று சொல்பவர்களுக்கும் ஒன்று. சோபாக்ளிஸே ஊருக்குத் தெரிந்த பழங்கதையைத்தான் எடுத்து எழுதினார். 2019இல் கனடா இயக்குநர் சோஃபி டெராஸ்ப் எடுத்த அன்டிகனி படத்தில் அடக்கம் என்ற பிரச்சினையே கிடையாது. மொன்றியலில் குடியேறிய குடும்பம், ஒரு அண்ணன் பொலிஸ் சூட்டில் சாகிறான், மற்றவனை நாடு கடத்தப் பார்க்கிறார்கள். அன்டிகனி தலைமயிரை வெட்டிக்கொண்டு சிறைக்குள் அவன் இடத்தில் உட்கார்ந்து அவனை வெளியே அனுப்புகிறாள். சம்பவம் மாறியிருக்கிறது, கதைக் கட்டமைப்பு மாறவில்லை. விஷால் பரத்வாஜின் மக்பூல் என்ற இந்திப் படத்தில் (2003) ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்துச் சூனியக்காரிகள் ஜாதகம் கணிக்கும் இரண்டு பொலிஸ்காரர்களாக வருவதும் இதே வேலைதான். பாத்திரம் என்ன செய்கிறது என்று பாருங்கள், உடுப்பு தன்னால் வரும்.

இனி வெட்டிக் குறைப்பது. நாடகம் ஏறத்தாழ 1350 வரி. உங்களுக்குக் கிடைப்பது 20 பக்கம், ஒரு பக்கம் ஒரு நிமிடம். விடக் கூடாதவை: அக்கா தங்கை முதல் பேச்சு, மண் போடுவது, மாமாவோடு நேருக்கு நேர், ஹேமோன் தகப்பனிடம் பேசுவது, குருட்டுக் குறிசொல்லி டைரீசியஸ், பிந்திப் போவது. மண் போடுவதை நீங்கள் உருவாக்கத் தேவையில்லை. குழிக்குள் பிடி மண் போடுவது நம் வழக்கமே. நெருக்கமாகக் கையை மட்டும் எடுங்கள்.

அதிகம் பேர் கோட்டை விடுவது பிந்திப் போவதில். கோரஸ் கிரெயோனுக்குத் தெளிவாகச் சொல்கிறது: முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் குழி செய். அவன் தலைகீழாகச் செய்கிறான். பிணத்தைக் கழுவி, எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுக் குகைக்குப் போகிறான், அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. உங்கள் படத்திலும் மாமா மனம் மாறியதும் கோடியோடு முதலில் பிணத்திடம்தான் போக வேண்டும், ஏனென்றால் ஊர் பார்த்துக்கொண்டிருப்பது அங்கே. அவளைப் பூட்டி வைத்திருக்கும் மேல் கணக்கு (தோட்டத்தின் மேற்பிரிவு) பழைய லயத்துக்கு அதற்குப் பிறகுதான் ஏறுகிறார்.

இந்த இடத்தில் மண்சரிவு, பாதை அடைப்பு, சிக்னல் இல்லை என்று எதையும் நுழைக்காதீர்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் நடந்தது பேரழிவு, அதைக் கதையின் முடிச்சுக்குக் கடன் வாங்குவது தப்பு. தொலைபேசி அவள் கையிலேயே இருக்கட்டும். ஹேமோன் அழைக்கிறான், அவள் எடுக்கவில்லை. அது அவள் குணம்.

சாவைக் காட்டாதீர்கள். கிரேக்க மேடையிலும் தூதன் வந்து சொல்வதுதான். கமெரா கேட்டுக்கொண்டிருக்கும் மாமியின் முகத்தில் நிற்கட்டும்.

செய்யுள் வேண்டாம், தோட்டத்துப் பேச்சே வேண்டும். போட்டிகளில் "மொழியைத் திருத்துங்கள்" என்பார்கள், திருத்தாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் பாட்டு: அன்டிகனி உயிரோடு இருக்கும்போதே தனக்காகப் புலம்பும் இடம். அங்கே ஒப்பாரி, அவளே தனக்குப் பாடுவது, பின்னணி இசை இல்லாமல். கோரஸில் மூலத்தில் 15 முதியவர்கள், உங்களுக்குக் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்கும் நான்கைந்து பேர் போதும். முதலில் மாமா பக்கம், கடைசியில் அவரையே தடுத்துப் பேசுபவர்கள்.

எடுக்கும் காலம் சனவரி முதல் மார்ச். மே தொடக்கம் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை, தகரக் கூரைக்குக் கீழே ஒரு வசனமும் பதிவாகாது. மூடுபனி பத்து நிமிடத்தில் வந்து போகும், ஆகவே தூரக் காட்சியை முதலில் முடித்துவிட்டு நெருக்கக் காட்சிக்குப் போங்கள், இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும்போது ஒரு முகம் பனியிலும் அடுத்த முகம் வெயிலிலும் நிற்கும். லயக்காம்பராவுக்குள் கமெராவைப் பின்னுக்கு நகர்த்த இடமில்லை, வாசலில் வைத்து உள்ளே பாருங்கள். உடுப்பில் பொருத்தும் மைக் குறைந்தது இரண்டு வேண்டும். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் 30 செக்கன் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். பாட்டு எடுக்க வெளியிலிருந்து வரும் குழுக்கள் தேயிலைச் செடிக்கு மேலேயே ஏறி நிற்கிறார்கள். அடுத்த சுற்றுக் கொழுந்து அங்கேதான் வரவேண்டும், அது ஒடிந்தால் அந்த நிரையில் பறிக்கும் பெண்ணுக்குக் கிலோ குறையும், குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். நீங்கள் ஊர்ப் பிள்ளைகள். முக்காலியை நிரைக்கு நடுவே வையுங்கள், ஏறுவதானால் கான் (வடிகால்) ஓரமாக ஏறுங்கள்.