நைனா போன கேட்டுக்குள்ளேயே நானுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பி.எஸ்சி. வேதியியல் முடித்து ஐந்து வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தே போய்விட்டது. குரூப் 4 இரண்டு முறை எழுதினேன். போன முறை கட்-ஆஃபுக்கு நாலே நாலு கேள்வி குறைந்தது. நைனா 31 வருடம் தோல் பதனிடும் டேனரியில் லைம் யார்டு வேலை, அதாவது தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் வேலை, பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். ஊரிலேயே இன்னொரு டேனரியில் லேப் அசிஸ்டென்ட் வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் 16,000 ரூபாய். “தோல் ஷாப்புக்கு அனுப்பவா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று அம்மா நாலு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சேரட்டுமா, இன்னும் ஒரு வருடம் படித்துப் பார்க்கட்டுமா? பல வேலை பார்த்தவர் நீங்கள், அதனால் கேட்கிறேன்.
- பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

பதில்: சேருங்கள் தம்பி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி என் கதைக்குள் போய்விடுவேன், திரும்பி வர நேரமாகும்.

நானும் பி.எஸ்சி. வேதியியல்தான். ஊர் வாணியம்பாடி. என் நைனாவுக்குத் தோல் மண்டியில் வேலை, பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குவது. 1987-ல் படிப்பு முடிந்ததும் ஒரு டேனரி லேபில் சேர்ந்தேன். லேப் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், குடோன் மூலையில் ஒரு மேஜை, நாலு பாட்டில். பதினாலு மாதம் ஓடியது. ஒருநாள் வேலை முடிந்து அப்படியே வேலூர் பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிகொண்டா தாண்டியதும் எழுந்துபோய், சீட்டை விட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. கெமிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் பொய் சொன்னேன்.

அடுத்த வேலை வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன். கல்கத்தாவிலிருந்து ரயிலில் காட்பாடி வந்து இறங்கும் நோயாளிக் குடும்பங்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. மூன்று வருடத்தில் வங்காளம் ஓரளவு பேச வந்துவிட்டது. “கொபே ஆபரேஷன்?” என்று கேட்டால் முகம் மலர்ந்துபோவார்கள். ரூமிலேயே ஸ்டவ் வைத்து மீன் சமைப்பார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனால் என் சட்டை முழுக்கக் கடுகெண்ணெய் நாற்றம். பஸ்ஸில் ஒருத்தர் மூக்கைப் பிடித்ததுகூட உண்டு. எனக்கு அப்போது வெட்கமாகவே இல்லை, சிரித்துக்கொண்டேன். ஏன் என்று எனக்குப் பிடிபட ரொம்ப வருடம் ஆனது. தோலை யார் தொடுவது, யார் தொடக்கூடாது என்று ஊர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அன்றைக்கு முந்தானை எடுத்த அம்மாவின் மூக்குக்கு அந்தக் கணக்கு தெரியும். எனக்கும் தெரியும் என்பதால்தான் ஓடினேன். உங்கள் அம்மா பயப்படுவதிலும் அதற்கு ஒரு பங்கு இருக்கலாம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

பிறகு டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஷூ கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு எழுதும் ஆபீஸில் சேர்ந்து, கடைசியில் அதையே சொந்தமாகச் செய்தேன். அதனால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை டேனரி கேட்டுகளுக்குள் இருபது வருடம் போய்வந்தேன். எந்த வேலையை விட்டு ஓடினேனோ, அதை இன்னொருத்தர் செய்வதை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

என்ன பார்த்தேன் என்று சொல்கிறேன். கல்லூரியில் டைட்ரேஷனுக்கு பினாப்தலீன் விட்டிருப்பீர்கள். அதே பாட்டில்தான் இங்கேயும். சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும்போது, தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயில் ஒரு சொட்டு விடுவார்கள். நடுவில் மெல்லிய ரோஸ் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது, டிரம் இன்னும் சுற்ற வேண்டும். தோல் அழுகாமலிருக்க குரோம் உப்பு ஏற்றிய பிறகு வேறொரு சோதனை. குரோம் ஏறி நீலமான தோலில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்து பென்சிலால் ஓரம் வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து எடுத்து அதே கோட்டின் மேல் வைப்பார்கள். சுருங்காமல் கோட்டோடு பொருந்தினால் அந்த லாட்டு பாஸ். பொருந்தாவிட்டால் டிரம் ஆபரேட்டர், சூப்பர்வைசர், முதலாளி மூன்று பேரும் லேப் பையனின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பரீட்சை ஹாலில் கிடைக்காத மரியாதை அது.

என் மேஜை காலம் இப்போது இல்லை. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் டேனரி நடத்த முடியாது என்று ஆனது. அதற்கும் கெமிஸ்ட் வேண்டும். 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோமியம் சிக்ஸ் என்கிற நச்சு வகை குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்கத் தடை. அதைப் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். மூன்று நான்கு வருடம் கை பழகினால் டெஸ்டிங் லேப், கெமிக்கல் கம்பெனி டெக்னீஷியன் என்று வழி பிரியும். அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன, விசாரியுங்கள்.

பரீட்சை விஷயத்துக்கு வருகிறேன். நாலு கேள்வி என்றால் ஆறு மதிப்பெண். கேட்கச் சின்னதாக இருக்கிறது. 2024 குரூப் 4-ல் முதலில் அறிவித்த இடம் 6,244, விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். அந்த ஆறு மதிப்பெண்ணுக்குள் எத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்று யோசியுங்கள். இன்னும் ஒரு வருடம் முழுநேரம் படித்தால் தாண்டிவிடலாம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. இத்தனை வருடம் படித்தவருக்குத் தமிழ் 100 கேள்வியில் இனி ஏறுவதற்கு அதிகம் இருக்காது. கணக்கு 25 கேள்வியில் எத்தனை வாங்கினீர்கள் என்று பாருங்கள். குறைவு அங்கேதான் என்றால் வேலைக்குப் போய்வந்து ராத்திரி ஒரு மணி நேரம் போட்டாலே போதும். அடுத்த பரீட்சையையும் எழுதுங்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.

சேருமுன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். 16,000 என்பது பிடித்தம் போகவா, பிடித்தத்தோடா? இ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 120 ரூபாய்தான். பி.எஃப். வேண்டாம், கையில் கூடத் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்டரில் ‘லேப் அசிஸ்டென்ட்’ என்று போடச் சொல்லுங்கள், ‘ஹெல்பர்’ என்று போட்டுவிடுவார்கள். என் பதினாலு மாதத்துக்கு அந்த டேனரி ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. பின்னால் அனுபவச் சான்று கேட்டு அலைந்தபோது, அங்கே வேலை பார்த்ததற்கு என்னிடம் சாட்சி என் மூக்கு மட்டும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சல்ஃபைடு கலந்த தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். நீங்கள் படித்ததுதான். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவான். சாம்பிள் எடுக்கக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கு என்று முதலாளியே சொன்னாலும் இறங்காதீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் படுக்கவும் கூடாது. 2015 ஜனவரி 31 விடிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

அம்மாவோடு வாதாடாதீர்கள். 31 வருடம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவர் அவர். நைனாவின் கையையும் தினமும் பார்த்தவர். லைம் யார்டில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் தோலிலிருக்கும் முடியைக் கரைக்கும்போது மனுஷன் நகத்தை மட்டும் விட்டுவிடுமா? அந்தக் கை உங்களுக்கும் வந்துவிடும் என்று நினைக்கிறார். முதல் மாதம் முடிந்ததும் கையை நீட்டிக் காட்டுங்கள், அதுவரை பேசாமல் இருந்தாலும் சோறு போடுவார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா சொன்னது இருக்கிறது. நைனா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டீர்களா? அந்த டேனரியில் ஏழாம் தேதி சம்பளம் ஏழாம் தேதி வருமா, எந்தத் தொட்டிக்கு மூடி இல்லை, எந்த சூப்பர்வைசர் கிளவுஸ் கேட்டால் முறைப்பான், இதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டுச் சேருங்கள்.

அப்புறம், லேபிலேயே மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைத் தோல் போட்டுத் துவைத்தால் வாசனை போய்விடும் என்பார்கள். போகாது, நான் பார்த்துவிட்டேன்.