ஒரே ஃபைல், இரண்டு பெயர்

கேள்வி: ஃப்ளாஸ்க்கில் (பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் கருவி) சின்னதாக ஒரு வலைத்தளம் எழுதுகிறேன். ஆப்.பை ஃபைலில் தரவுத்தளத்தைக் கையாளும் டிபி-யை உருவாக்கிவிட்டு, அதற்குக் கீழே மாடல்ஸ்.பை-யிலிருந்து யூசர் கிளாஸை இம்போர்ட் செய்கிறேன். மாடல்ஸ்.பை-க்கும் டிபி வேண்டும், அது ஆப்-பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 'ஃப்ளாஸ்க் ரன்' கொடுத்தால் ஓடுகிறது. 'பைத்தான் ஆப்.பை' கொடுத்தால் 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்' (பாதி மட்டுமே ஏறிய ஃபைல்) என்று எரர். ஒரே கோடு, எப்படி இப்படி?

பதில்: கோடு ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முறையில் ஆப்.பை இரண்டு தடவை ஓடுகிறது. 'பைத்தான் ஆப்.பை' என்று நேராக ஓட்டும்போது அந்த ஃபைலுக்குப் பெயர் 'ஆப்' இல்லை, '__மெயின்__'. அது மாடல்ஸைக் கூப்பிட, மாடல்ஸ் 'ஆப்' எங்கே என்று, ஏற்கனவே ஏற்றியவற்றின் பட்டியலான சிஸ்.மாட்யூல்ஸில் தேட, அந்தப் பெயரில் அங்கே எதுவும் இருக்காது. சரி, இது புது ஃபைல் போலிருக்கிறது என்று பைத்தான் ஆப்.பை-யை முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டும், அது யூசரைக் கேட்கும், மாடல்ஸோ இன்னும் தன் முதல் வரியையே தாண்டவில்லை. அங்கேதான் எரர். 'ஃப்ளாஸ்க் ரன்' ஆப்.பை-யை 'ஆப்' என்ற பெயரிலேயே ஏற்றுவதால் மாடல்ஸ் தேடும்போது டிபி கையிலேயே கிடைத்துவிடுகிறது. அதாவது உங்கள் கோடு அங்கேயும் சரியில்லை, அந்த இம்போர்ட் வரி டிபி-க்குக் கீழே இருப்பதால் தப்பிக்கிறது, யாராவது இம்போர்ட்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதை மேலே தூக்கினால் அதுவும் படுத்துவிடும்.

எக்ஸ்டென்ஷன்ஸ்.பை என்று ஒரு ஃபைல் போட்டு, அதில் டிபி = எஸ்க்யூஎல்ஆல்கெமி() என்று மட்டும் எழுதுங்கள், அடைப்புக்குள் ஆப் வேண்டாம். மாடல்ஸும் ஆப்பும் டிபி-யை அங்கிருந்தே எடுக்கட்டும். அப்புறம் ஆப்.பை-யில் டிபி.இனிட்_ஆப்(ஆப்) என்று ஒரு வரி. மாடல்ஸ் இனி ஆப்பைத் திரும்பியே பார்க்காது. இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் ஒளித்து வைக்கச் சொல்வார்கள், அவசரத்துக்குச் சரி, நான் செய்யமாட்டேன்.

கேள்வி: மெயில் அனுப்ப ஈமெயில்.பை என்று ஒரு ஃபைல் சேர்த்தேன். அப்போதிலிருந்து ஃப்ளாஸ்க்கே இம்போர்ட் ஆகவில்லை, 'ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்' என்கிறது. ஃப்ளாஸ்க்கைத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பயனில்லை.

பதில்: ஃப்ளாஸ்க்கை விட்டுவிடுங்கள், அது பாவம். ஈமெயில் என்று பைத்தானுக்குள்ளேயே ஒரு பேக்கேஜ் (பல ஃபைல்கள் கொண்ட தொகுப்பு) இருக்கிறது. ஆனால் நீங்கள் ஓட்டும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் பார்க்கும் என்பதால், ஃப்ளாஸ்க் உட்பட ஈமெயிலைக் கேட்கும் எல்லோருக்கும் உங்கள் ஃபைலே கிடைக்கிறது. சந்தேகமிருந்தால் அதே ஃபோல்டரில் பைத்தானைத் திறந்து ஈமெயிலை இம்போர்ட் செய்து ஈமெயில்.__ஃபைல்__ என்பதை பிரிண்ட் செய்யுங்கள், உங்கள் ஃபோல்டரே வந்து நிற்கும். பெயரை மெயில்_அனுப்பி.பை என்று மாற்றினால் போதும்.