மச்சினன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர். சம்பளம் 61,000 ரூபாய். மனைவியின் தம்பி தேனியில் பேக்கரி வைத்திருக்கிறார். புது அடுப்பு வாங்கிக் கடையைப் பெரிதாக்க வங்கியில் 12 லட்ச ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். "அரசு ஊழியர் யாராவது ஷூரிட்டி போட்டால் கிடைத்துவிடும்" என்று அங்கே சொன்னார்களாம். "சும்மா ஃபார்மாலிட்டிதான் மாமா" என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னதிலிருந்து பத்து நாளாக என் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுத்த வருடம் நாங்களே வீட்டுக் கடன் வாங்கும் யோசனையில் இருக்கிறோம். கையெழுத்துப் போடலாமா? வேண்டாம் என்றால் அதை எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் அந்த "சும்மா ஃபார்மாலிட்டி"யைப் பார்த்துவிடுவோம். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் நான். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சாட்சிக் கையெழுத்துத்தானே சார் போட்டேன்" என்று என் மேஜை முன்னால் வந்து நின்றவர்கள் பல பேர். அவர்கள் போட்டது சாட்சிக் கையெழுத்து இல்லை. சாட்சிக்குக் கடனில் பொறுப்பு கிடையாது. ஜாமீன்தாரருக்கு முழுப் பொறுப்பும் உண்டு.

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. பாதி இல்லை, மீதி இல்லை. வட்டியும் செலவும் சேர்ந்தே வரும். "முதலில் அவனிடம் கேளுங்கள், அவன் கொடுக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமைகூட உங்களுக்குக் கிடையாது. பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. யாரிடம் வசூல் சுலபமோ அவரிடம் வங்கி நேராகப் போகலாம். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உங்களிடமா, அடுப்பு அணைந்த பேக்கரியிடமா? அரசு ஊழியர்தான் வேண்டும் என்று அவர்கள் கேட்பது எதற்காக என்று இப்போது புரியும்.

வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 61,000-த்தில் 1,000 போக 60,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20,000 ரூபாய் மாதாமாதம் போகலாம். ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதம்வரைதான் இப்படிப் பிடிக்க முடியும். அப்படியும் 4,80,000 ரூபாய் ஆகிறது. பி.எஃப். பணத்தில் கை வைக்க முடியாது; ஆனால் உங்கள் பெயரில் மனையோ வீடோ இருந்தால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வீட்டுப் பத்திரத்தையே அடமானமாக வைத்திருந்தால் கதை இன்னும் மோசம். தவணை 90 நாளுக்கு மேல் நின்று கணக்கு வாராக்கடன் ஆனதும், 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே சொத்தை விற்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. பத்திரத்தை மட்டும் எந்த நிலையிலும் எடுத்துக் கொடுக்காதீர்கள். வெற்று காசோலையும் வேண்டாம். ஜாமீனுக்காகக் கொடுத்த காசோலை திரும்பினாலும் செக் மோசடி வழக்கு வரும். இரண்டு வருடம்வரை சிறைக்கு வழி இருக்கிறது.

அடுத்து உங்கள் வீட்டுக் கடன். கையெழுத்துப் போட்ட அன்றிலிருந்தே இந்த 12 லட்சம் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். மச்சினன் தவணை தவறினால் மதிப்பெண் இறங்குவது அவருக்கு மட்டுமல்ல. அவர் ஒழுங்காகக் கட்டினாலும், உங்களுக்குக் கடன் தரப்போகும் வங்கி "இவருக்கு ஏற்கெனவே 12 லட்சத்துக்குப் பொறுப்பு இருக்கிறதே" என்று பார்க்கும். அடுத்த வருடமே வீடு என்றால், இது ஒன்றே தயங்கப் போதுமான காரணம்.

கையெழுத்துப் போடப் போகிறவர்களிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். 11 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 26,100 ரூபாய். நாளைக்குக் கடை படுத்துவிட்டால், அந்தத் தொகையை ஒரு வருடம் நீங்கள் கட்டுவீர்களா? அதற்குப் பிறகும் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உங்கள் பிள்ளையைச் சிரித்த முகத்தோடு உட்கார வைப்பீர்களா? இரண்டுக்கும் தயங்காமல் "ஆமாம்" என்று வந்தால் போடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எனவே என் பதில், இந்தக் கடனுக்கு வேண்டாம்.

ஆனால் வெறுமனே "முடியாது" என்று நிறுத்திவிட்டால் அது பணப் பேச்சாக இருக்காது. "உன் வீட்டு ஆள்" "என் வீட்டு ஆள்" என்று திரும்பிவிடும். உங்கள் மனைவிக்குப் பன்னிரண்டு லட்சம் காதில் விழவே இல்லை. தம்பியை நம்பவில்லை என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது. அதனால் அவரிடம் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டாதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்து வைத்து, சம்பளம், பள்ளிக் கட்டணம், வீட்டுக்காகச் சேர்ப்பது எல்லாவற்றையும் எழுதுங்கள். கீழே 26,100 என்று ஒரு வரி எழுதி, "இது நம் தலையில் விழுந்தால் எதை நிறுத்துவது, நீயே சொல்" என்று அவர் கையில் பேனாவைக் கொடுத்துவிடுங்கள். முடிவு அவருடையதாகவும் இருக்க வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் மறுப்பது, அல்லது நச்சரிப்புத் தாங்காமல் ரகசியமாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது, இரண்டுமே பின்னால் வெடிக்கும். இரண்டாவதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இனி மச்சினன். அவருக்கு உண்மையிலேயே உதவ வழி இருக்கிறது. பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில் முதல் முறை கேட்பவருக்குச் சிறு தொழிலுக்கு 10 லட்ச ரூபாய்வரை அடமானம் இல்லாமல் கடன் தரலாம். கொஞ்சம் பெரிய கடன் என்றால் சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதித் திட்டம் இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் மூன்றாவது ஆள் ஜாமீன் தேவையில்லாமல் கடன் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடே. கிளையில் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும். சம்பளக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் மேலாளருக்குத் தூக்கம் நன்றாக வரும், அவ்வளவுதான். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்தான்.

இவ்வளவு இருந்தும் ஷூரிட்டி இல்லாமல் முடியாது என்கிறார்கள் என்றால், காரணம் வேறு எங்கோ இருக்கலாம். பழைய கடன் ஏதாவது நிலுவையா, தவணை தவறியிருக்கிறதா? சிபில் போன்ற ஒவ்வொரு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். "நீ உன்னுடையதை எடு, நான் என்னுடையதை எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். உங்களுடையதையும் காட்டுவதாகச் சொன்னால் அது விசாரணை மாதிரி இருக்காது. கூடவே கடையின் ஆறு மாத வங்கிக் கணக்கையும் கேளுங்கள். எடுத்துக் காட்டினால் பாதிக் கவலை போகும். "என்ன மாமா, என்மேல் சந்தேகமா" என்று மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

10 லட்சம் கடனாகக் கிடைத்து, 2 லட்சம்தான் துண்டு விழுகிறது என்று வையுங்கள். புது அடுப்புக்குப் பதில் பழையது பார்க்கலாம். அல்லது உங்கள் கையிருப்பிலிருந்து ஒரு தொகையை, திரும்பி வராவிட்டாலும் வீடு கட்டுவது நிற்காது என்ற அளவுக்குள், நீங்களே கொடுக்கலாம். சும்மா கொடுப்பதா, கடனா என்பதை அன்றைக்கே இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். சும்மா கொடுத்தால் அக்கா கணவர் கொடுத்த பணத்துக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. கடன் என்றால் வங்கி மூலமே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம், பாவம், அதுவும் மச்சினன் தலையில்தான். புரோநோட்டும் எழுதி வாங்குங்கள். அதன் ஆயுள் மூன்று வருடம். இடையில் பணம் கொடுத்தால் பின்பக்கம் வரவு வைத்து அவர் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். சொந்தத்துக்குள் நோட்டு எதற்கு என்பார்கள். ஐந்து வருடம் கழித்து எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வந்தது என்பதில் இரண்டு பேர் ஞாபகமும் இரண்டு விதமாக இருக்கும், அதற்குத்தான்.

இத்தனைக்குப் பிறகும் மாமனார் மாமியார் வந்து உட்கார்ந்து, போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், சிலவற்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பொறுப்பை 3 லட்சமோ 4 லட்சமோ என்று ஒரு தொகைக்குள் கட்டிப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஓ.டி., கேஷ் கிரெடிட் மாதிரி எடுத்து எடுத்துக் கட்டும் கணக்குக்குப் போடாதீர்கள், தவணைக் கடனுக்கு மட்டும் போடுங்கள். மச்சினன் தன் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கட்டும். பூர்த்தி செய்யாத படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். போட்ட பத்திரத்தின் நகலை அன்றே வாங்கிவிடுங்கள். மாதாமாதம் தவணை கட்டிய குறுஞ்செய்தியை அவர் உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் கட்ட நேர்ந்தால், அந்தப் பணத்தை அவரிடம் வசூலிக்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு வருகிறது. மச்சினன்மேல் நீங்கள் வழக்குப் போடுவீர்களா என்பது வேறு விஷயம்.

மறுப்பதை நேரில் போய்ச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். மனைவியையும் கூட்டிக்கொண்டு தேனிக்கே போங்கள். "வீட்டுக் கடன் வாங்கப் போகிறோம், அதனால் ஷூரிட்டி போட முடியாது. வங்கிக்கு நான் கூட வருகிறேன், முத்ரா பற்றி நானே மேலாளரிடம் பேசுகிறேன்" என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டு, அப்புறம் கடையைச் சுற்றிப் பாருங்கள்.