சுவருக்கு வெம்மை நிறமா, குளிர் நிறமா? – கேள்வி பதில்

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): எங்கள் நான்கறை வீட்டின் கூடம் மேற்கு பார்த்தது. தீபாவளிக்கு முன் அதற்கு இளமஞ்சள் பூசலாமா?

பதில்: மேற்குச் சன்னல் வழியே பிற்பகல் மூன்று மணி தொடங்கி, ஏழு மணியளவில் சூரியன் மறையும் வரை வெயில் உள்ளே வரும்; பொழுது சாயச் சாய அதில் செம்மஞ்சள் ஏறும். அந்த ஒளியில் நீங்கள் விரும்பும் இளமஞ்சள் காவிக்கு நெருங்கிவிடும் என்பதால், வெயில் நேரே விழும் சுவருக்குச் சாம்பல் கலந்த பச்சையையோ மங்கிய நீலத்தையோ தேர்ந்தெடுங்கள். சன்னல் இருக்கும் சுவரில் வெயில் நேரே படாது. உங்கள் மஞ்சளை அங்கே தாராளமாகப் பூசலாம். ஆனால், பச்சை, நீலம் போன்ற குளிர் நிறம் அறையின் வெப்பத்தைக் குறைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கண்ணுக்குத்தான் அது குளிர்ச்சி. வெயிலை மறிக்கத் திரைச்சீலைதான் வேண்டும்.

கேள்வி (செங்காங்): கடையில் இளம்பழுப்பாக இருந்த சாயம், மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில் பச்சையாகத் தெரிகிறது. சன்னலை ஒட்டித் தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. தவறாகக் கலந்துவிட்டார்களா?

பதில்: கலவையைக் குறை சொல்லுமுன் மரத்தைப் பாருங்கள். இலைகளில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சை கலந்தே உள்ளே வருகிறது. எதிர்ப் புளோக்கின் சுவர் நிறமும் இப்படித்தான் வீட்டுக்குள் வந்து சேரும். இரவில் விளக்கைப் போட்ட பிறகும் பச்சை தெரிகிறதா என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். அப்போதும் விளக்கைக் கவனிக்க வேண்டும்: 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலவெண்மை) விளக்கின் கீழ் பழுப்பாகத் தெரியும் சுவரே 6500 கெல்வின் விளக்கின் கீழ் வெளிறித் தெரியும்.

என் மகளின் அறைக்கு நிறம் பார்த்தபோது, விரல் அகல மாதிரிச் சீட்டை நம்பாமல், பெரிய அட்டை ஒன்றில் இரண்டு முறை பூசிக் காயவிட்டு, காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இரவு விளக்கொளியிலும் சுவர் சுவராக வைத்துப் பார்த்தேன். காலையில் இளஞ்சிவப்பாக இருந்த அட்டை, இரவில் அலமாரி ஓரத்தில் ஊதாவாக நின்றது. அந்த நிறத்தை அன்றே கைவிட்டோம்.

கேள்வி (தோ பாயோ): குளிர் நிறம் சிறிய அறையைப் பெரிதாகக் காட்டுமாமே?

பதில்: வெளிர்மைதான் அதைவிட முக்கியம். அடர்நீலம் அறையைச் சுருக்கும், வெளிர் பீச் நிறம் விரித்துக் காட்டும்.

கேள்வி (பிடோக்): பூசை மாடத்தின் பின்சுவருக்கு வெள்ளை போதாதா?

பதில்: வெள்ளையிலும் நீலம் ஓடுவது உண்டு, மஞ்சள் ஓடுவதும் உண்டு, அச்சுத்தாளை அருகில் பிடித்தால் எது என்று தெரிந்துவிடும். அகல் விளக்கின் சுடர் ஏறத்தாழ 2000 கெல்வின் ஒளியைத் தருவதால், அதற்குப் பின்னால் நீலம் ஓடும் வெள்ளை சோர்ந்து போகும். சந்தன நிறத்தை நெருங்கிய வெள்ளை துலங்கும். எண்ணெய்ப் புகை படியும் இடமாதலால், ஈரத்துணியால் துடைக்கக்கூடிய, சற்றே பளபளப்புள்ள சாயமாகக் கேட்டு வாங்குங்கள்.