வீடு முடிந்தது, பாக்கி வரவில்லை: கான்ட்ராக்டர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஓனர் குடி வந்துவிட்டார். 4 லட்சம் பாக்கி. எக்ஸ்ட்ரா வேலை எதையும் தான் சொல்லவே இல்லை என்கிறார். ஒப்பந்தத்தில் சதுரடி ரேட் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: வழக்கமாகத் தகராறு முளைக்கும் இடமே இதுதான். சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்ட் சுவர், எலிவேஷன் (வீட்டின் முகப்பு வேலை) எல்லாம் சதுரடி ரேட்டில் சேருமா என்று எழுதாமல் விட்டால், சேரும் என்று அவர் சொல்வார், சேராது என்று நீங்கள் சொல்வீர்கள்.

மொத்தமாக 4 லட்சம் என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி போடுங்கள்: சம்ப் எத்தனை லிட்டர், சுவர் எத்தனை அடி நீளம், என்ன உயரம், என்ன ரேட், அவர் அதைக் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய தேதி. அப்புறம் இருவருக்கும் பொதுவான ஒரு இன்ஜினியரை வைத்து அளந்துவிடுங்கள். டேப் பிடிக்கும்போது ஓனரும் கூட நிற்கட்டும். அளவுத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால், மிச்சம் இருப்பது ரேட் சண்டை மட்டும்தான். அதைப் பேசி முடிக்கலாம்.

எழுத்தில் இல்லை என்பதற்காகப் பணம் போய்விடாது. சும்மா செய்து தரும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70. வேலை நடந்ததை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதனால் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள், அதில்தான் செய்திகள் இருக்கின்றன.

கேள்வி: பூச்சில் வெடிப்பு என்று கடைசித் தவணை முழுவதையும் நிறுத்திவிட்டார்.

பதில்: வெடிப்பு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் சரிசெய்து கொடுங்கள், அல்லது அதற்கான செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள். முறுக்கிக்கொண்டு நின்றால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவார். பாக்கியை வசூலிக்க நீங்கள் அங்கே போக முடியாது.

கேள்வி: கொடுத்த செக் பவுன்ஸ் ஆகிவிட்டது.

பதில்: இதில் நாள் கணக்குதான் முக்கியம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். இன்றே வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: வேலை முடிந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டது. போன் செய்தால் "அடுத்த மாசம்" என்கிறார்.

பதில்: பணம் தரத் தேதி குறிக்காத வேலைக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். போனில் சொல்லும் "அடுத்த மாசம்" கணக்கில் வராது. அந்த 3 ஆண்டு முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துடன் எழுதிக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாகக் கணக்கு தொடங்கும்.

கேள்வி: ஆட்களோடு போய் கேட்டைப் பூட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் சார். பணம் கேட்கப் போன நீங்கள் போலீஸ் கேஸில் மாட்டுவீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், பேசலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. சமரசம் ஆனால் அந்த உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஆனால் ஓனரும் வந்து சம்மதித்தால்தான் அது நடக்கும். வராவிட்டால் சிவில் வழக்குதான்.