பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாடச் செயல்களை மீட்டுத் தரும் சிகிச்சை) மாணவி, அங்குள்ள அம்மாக்களிடம் என்ன பேச வேண்டும்?

குழந்தையைக் கையாளத் தெரியும், அம்மா அழுதால் என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். எங்களுக்கும் ஒதுக்கவில்லை. அதனால் நான் செய்த தவறையே சொல்கிறேன்.

உள்ளிருப்புப் பயிற்சியின்போது 32 வாரத்தில் பிறந்த, 1,350 கிராம் எடையுள்ள ஒரு பெண் குழந்தை. சிசேரியன் தையலோடு மாடியேறி வந்து பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போவார் அந்த அம்மா. 'எட்டு மாதக் குழந்தை தங்காது' என்று மாமியார் வாசலிலேயே சொல்லியிருந்தார். நான் போய் மனப்பாடமாக ஒப்பித்தேன்: "அக்கா, பாப்பா விரல்களை விசிறிபோல் விரித்தாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ, விக்கினாலோ அவளுக்குத் தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே கையை எடுத்துவிடுங்கள்."

தேர்வில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண். மறுநாள் முதல் அவர் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு இன்குபேட்டர் பக்கத்தில் வெறுமனே நின்றார். மூன்று நாள் தொடவே இல்லை. "நான் தொட்டால் பாப்பாவுக்கு வலிக்கிறதாம்" என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறார்.

என் மேற்பார்வையாளர் அவரிடம் போய்க் கேட்டது ஒன்றுதான்: "நீங்கள்தானே பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், பாப்பா எப்போது நிம்மதியாக இருக்கிறாள்?" வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "கை வாய்ப்பக்கம் போனால் அடங்கிவிடுகிறாள்." எங்கள் யாருடைய குறிப்பேட்டிலும் அது இல்லை. பிறகு மேற்பார்வையாளர் அந்த அம்மாவின் ஒரு உள்ளங்கையைப் பாப்பாவின் தலையின் மேலும், இன்னொன்றை மடித்த கால்களின் மேலும் தடவாமல், அசைக்காமல் வைக்கச் சொன்னார். விரிந்திருந்த விரல்கள் மெல்ல மடங்கின.

சூட்டை இயந்திரம் தருகிறது, பாலைக் குழாய் தருகிறது, துணியை நர்ஸ் மாற்றுகிறார். தாய் செய்ய வேண்டிய வேலை எல்லாம் பிறர் கைக்குப் போய்விட்டது. அன்றாடச் செயல்களை ஒருவருக்கு மீட்டுத் தருவதுதானே நம் துறை? நானோ மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டேன்.

துறை என்றதும் நினைவுக்கு வருகிறது. 'தொழில்வழிச் சிகிச்சை' என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். வேலை வாங்கித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தில் நமக்குத் தனி இடம் இருக்கிறது. வார்டில் இன்றைக்கும் 'பிசியோ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

இப்போது என்னிடம் வரும் மாணவர்கள் முதல் இரண்டு நாள் குழந்தையைத் தொடுவதில்லை. அம்மாக்கள் பால் பீய்ச்சும் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒன்றரைக் கிலோ மணல் பொம்மையை நெஞ்சில் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு மணி நேரம். கங்காரு முறையில், அதாவது குழந்தையைத் தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்து வைப்பதில், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் அணைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. ஒரு மணி நேரத்திலேயே முதுகு வலித்த மாணவி, அந்த அம்மா எங்கே சாய்வார், எப்போது சாப்பிடுவார், வீட்டில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தானாகவே கேட்கத் தொடங்கிவிடுகிறாள்.

பேசினால் குழந்தை பிழைத்துவிடுமா என்று கேட்டுக்கொண்டு யாராவது வருவார்கள். பேச்சு சிகிச்சைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. மூச்சு நிலைப்படாத குழந்தையை டாக்டரோ நர்ஸோ அனுமதிக்காமல் தொடச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்க்கவே மறுக்கும் அம்மாவுக்கு மனநல மருத்துவர் வேண்டும், மாணவி போதாது. குழந்தைக்குத் தாங்கவில்லை என்று காட்டும் அறிகுறிகளை அம்மாவிடம் மறைக்கவும் சொல்லவில்லை. அமைதியாக இருக்கும்போது தெரிபவற்றை முதலில் காட்டுங்கள்.

அழும்போது 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். அது நமக்குத் தெரியாது. பக்கத்தில் உட்காருங்கள். குழந்தை குடிக்காததற்குத் தன் பாலைக் குறை சொல்லி அழுகிறார் என்றால், உறிஞ்சி விழுங்கி மூச்சுவிடும் ஒழுங்கு ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடும், அதுவரை குழாயோ பாலாடையோ (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) பெரும்பாலான குறைமாதக் குழந்தைகளுக்குத் தேவைப்படும் என்று விளக்குங்கள்.

அந்தப் பிரிவில் அம்மாக்களுக்குச் சாய்வு நாற்காலி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் பொறுப்பு நர்ஸிடம் கேளுங்கள்.