வாசகர் கேள்வி: லொறி ஓட்டிய அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் அப்பா இரண்டு கிழமைக்கு முன் காலமாகிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் லொறி ஓட்டியவர், பெரும்பாலும் அரிசி ஆலைகளுக்கு ஹயர். நாங்கள் மூன்று பெண் பிள்ளைகள். மூன்று பேருக்கும் வீடு கட்டித் தந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும், படித்தவள் என்று என்னை எழுதச் சொல்கிறார்கள். "ஓய்வறியா உழைப்பாளி, பாசமிகு தந்தை" என்பதற்கு மேல் பேனை ஓடவில்லை. அப்பா வீட்டில் இருந்ததே குறைவு. இருந்தாலும் நித்திரை. பேச்சும் குறைவு. எனக்கு அவரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது.
– ஒரு மகள், செங்கலடி

பதில்: மகள், அந்த இரண்டு வரியையும் வெட்டிவிடுங்கள். "மீன் பாடும் தேன்நாட்டிலே" என்றும் தொடங்க வேண்டாம். நம் மட்டக்களப்பில் அச்சாகிற மலர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் தொடங்குகின்றன. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். உங்கள் அப்பாவுக்கு மட்டுமே பொருந்துவது அவர் செய்த வேலையில் இருக்கிறது. அதை எழுதுங்கள்.

பத்திரிகைக்கு வருமுன் நான் வாழைச்சேனைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதினேன். அங்கே ஒரு சாரதி அண்ணன் இருந்தார். மூட்டை ஏற்றி, படங்கு இழுத்துக் கட்டி முடிந்ததும் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். பின்னால் இரட்டைச் சில்லு; உள்டயரில் காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது, வெளிடயர் தாங்கிக்கொண்டு நிற்கும். 'ணங்' என்று கேட்டால் சரி. 'தொப்' என்று கேட்டால், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் கழற்று என்பார். கிளீனர் பொடியன் முணுமுணுப்பான், முதலாளி நேரம் போகுது என்று கத்துவார். அவர் அசையமாட்டார். இதை அவர் மனைவி மக்கள் பார்த்திருக்க வழியில்லை. ஆலை முற்றத்தில் நின்ற நாங்கள்தான் பார்த்தோம்.

உங்கள் அப்பாவின் பாதி வாழ்க்கையும் இப்படி அடுத்தவர்களிடம்தான் கிடக்கிறது. போய்க் கேளுங்கள். முதலில் அவரோடு ஓடிய கிளீனர்மாரைத் தேடுங்கள். இப்போது அவர்களே சாரதிகளாக இருப்பார்கள். பிறகு மூட்டை ஏற்றிய நாட்டாமைமார், ஆலைக் கணக்கப்பிள்ளை, டயர்க் கடைக்காரர். "அப்பா நல்லவரா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஓம் என்பார்கள். எங்கே தேத்தண்ணிக்கு நிற்பாட்டுவார், மின்னேரியா – ஹபரணைப் பாதையில் இரவில் யானை குறுக்கே நின்றால் என்ன செய்வார், கொழும்புப் பக்கம் மரந்தகஹமுல அரிசிச் சந்தையில் யாரோடு சிங்களத்தில் பேசுவார் என்று கேளுங்கள்.

வயதானவர்களிடம் பழைய பாதையையும் கேளுங்கள். ஓட்டமாவடியிலும் மன்னம்பிட்டியிலும் புதுப் பாலங்கள் வருமுன் ரயிலும் லொறியும் ஒரே பாலத்தில்தான் போயின. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் ஏற்றிய மூட்டையை இறக்கிக் காட்டி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வரிசைகளில் உங்கள் அப்பாவும் நின்றிருப்பார். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய கிழமையில் அவருடைய லொறி எங்கே ஓடியது, என்ன ஏற்றியது? 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கே அகப்பட்டு நின்றார்? ஒரு பதில் கிடைத்தாலும் ஒரு பக்கம் நிறையும்.

அவர் வீட்டில் இருந்தது குறைவு என்பதை மறைக்காதீர்கள், காரணத்தோடு எழுதுங்கள். மாரி வெள்ளாமை வெட்டித் தை, மாசி, பங்குனியில் நெல் குவிகிறபோது லொறிக்கு ஓய்வில்லை. கொழும்புப் பக்கம் போக மட்டும் 300 கிலோமீற்றர் அளவில் வரும். பின்னேரம் வெளிக்கிட்டு விடியமுன் சந்தைக்குப் போனாலும், மூட்டை இறக்க முறை வரவேண்டும். வெறும் லொறியோடு திரும்பினால் டீசல் காசுக்கே காணாது. சீமெந்தோ உரமோ ரிட்டன் லோட் கிடைக்கும்வரை லொறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். நீங்கள் கண்ட பகல் நித்திரை அந்த இரவுகளின் மிச்சம்.

பிறகு வீடுகள். நம் பக்கம் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது பெற்றவர் கடன் என்று எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே யாரும் அதை விரித்து எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள். எந்தப் போகத்து ஹயர் காசில் அத்திவாரம் போட்டது, சுவர் எத்தனை வருடம் கூரையில்லாமல் நின்றது, ஓடு யாரிடம் கடனாக வாங்கியது, மூத்தவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் எங்கே போய் இருந்தார்கள். அம்மாவிடம் கேளுங்கள், அவருக்குத் திகதியோடு நினைவிருக்கும். காசு வந்த வழியும் அது போன வழியும் மூன்று வீட்டுச் சுவரிலும் இருக்கின்றன. உங்கள் அப்பா பேசாத பேச்சு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்று, மலரோடு சேராதது. அவருடைய பெட்டியில் கடதாசிகளைத் தேடும்போது ஊழியர் சேமலாப நிதிக் கடிதம் ஏதும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எந்த முதலாளியாவது அவரைப் பதிந்து வேலை வாங்கியிருந்தால், சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் அவர் பெயரில் சேர்ந்திருக்க வேண்டும். அது அவர் நியமித்தவருக்கோ உரித்தாளருக்கோ சேரவேண்டிய பணம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஹயருக்கு ஓடியவர்கள் பலரைப் பதியாமலே வைத்திருந்தார்கள், ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது.

படத்துக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிக்க வேண்டாம். லொறியோடு நிற்கிற படம் கிளீனர் யாரிடமாவது இருக்கும்.

இவ்வளவையும் இரண்டு கிழமையில் திரட்ட முடியாது, அவசரப்படவும் வேண்டாம். 31க்குப் படமும் பெயர்களும் போட்ட ஓர் அட்டை போதும். மலரை ஆண்டுத் திவசத்துக்கு வையுங்கள். அச்சகத்துக்கு நாளைக்கே சொல்லிவிடுங்கள், முற்பணம் கொடுத்திருந்தால் அதிலேயே அட்டையை அடித்துத் தருவார்கள்.